பழைய மாருதி 800-இல் ஆக்சிலேட்டர் பிடித்துக்கொள்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1983 டிசம்பரில் வெளிவந்து 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன வண்டி மாருதி 800. ஆனாலும் தெருவுக்கு ஒன்றாவது இன்னும் நிற்கிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர். முந்தைய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி) வண்டியானாலும் 2000-ஐ ஒட்டி வந்த எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலைப் பீய்ச்சி அனுப்பும் அமைப்பு) வண்டியானாலும் ஆக்சிலேட்டர் மிதிகட்டைக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு கம்பிக் கேபிள்தான். அது பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று பலரும் கேட்பவற்றுக்கான பதில்கள் கீழே. கேபிள் உள்ள மற்ற பழைய கார்களுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும். புதிய கார்களில் சென்சாரும் மோட்டாரும்தான்; அது வேறு கதை.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆக்சிலேட்டர் பிடித்துக்கொண்டது. அந்த நொடியில் என்ன செய்ய வேண்டும்?

கிளட்சை முழுசாக மிதித்து கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் அலறும், அலறட்டும். சக்கரத்துக்குப் போகிற இழுவை நின்றுவிட்டது, அதுதான் முக்கியம். பிறகு பிரேக். அதை விட்டு விட்டு அடிக்காதீர்கள். ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். பிரேக் பூஸ்டர் வேலை செய்வது எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தில். த்ராட்டில் (எஞ்சினுக்குள் காற்று போகும் வாயில்) திறந்தே கிடந்தால் அந்த வெற்றிடம் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். பூஸ்டரில் மிச்சமிருப்பது ஓரிரு மிதிக்குத்தான் வரும். அதற்கப்புறம் பிரேக் கல்லாகிவிடும்.

ஓரம் கட்டியதும் சாவியை ஒரு படி மட்டும் பின்னால் திருப்பி எஞ்சினை அணையுங்கள். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது சாவியை உருவினால் ஸ்டியரிங் லாக் விழும். பதற்றத்தில் பலர் செய்யப்போவது அதைத்தான். எஞ்சினை அதிக நேரம் அலறவிடவும் வேண்டாம். கார்புரேட்டர் வண்டியில் வேகத்துக்குக் கடிவாளம் போட எந்தக் கருவியும் கிடையாது.

சூடான கார்புரேட்டர் எஞ்சின் சிலசமயம் சாவியை அணைத்தாலும் நிற்காமல் கடகடவென்று ஓடும். வண்டி நின்ற பிறகு பிரேக்கை நன்றாக அழுத்திக்கொண்டு, டாப் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டால் எஞ்சின் மூச்சடைத்து நின்றுவிடும்.

கால் விரலை மிதிக்கு அடியில் விட்டுத் தூக்கினால் சரியாகுமா?

மிதியில் தரை மேட் சிக்கியிருந்தாலோ மிதியின் அச்சு இறுகியிருந்தாலோ சரியாகலாம். கேபிளுக்குள் பிடித்திருந்தால் பயனில்லை. கேபிளுக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. மிதியைத் தூக்கினால் கேபிள் தொளதொளவென்று தொங்கும், கார்புரேட்டர் திறந்தபடியே இருக்கும். கையால் இழுக்கலாம் என்று மட்டும் குனியவே குனியாதீர்கள்.

வண்டியை நிறுத்தியாயிற்று. முதலில் எதைப் பார்ப்பது?

மேட். சிரிக்க வேண்டாம். அந்தக் காருக்கென்று வெட்டாத, கடையில் கிடைத்த கனமான ரப்பர் மேட் மெல்ல முன்னால் நகர்ந்து மிதியின் நுனியைக் கவ்விக்கொள்ளும். மேட்டுக்கு மேல் மேட் போட்டிருந்தால் இன்னும் மோசம். ஓட்டுநர் பக்கத்து மேட்டை எடுத்துப் பின் சீட்டில் போட்டுவிட்டு மிதித்துப் பாருங்கள். காலடியில் உருண்டு வந்த தண்ணீர் பாட்டிலும் சந்தேகப் பட்டியலில் உண்டு.

அப்படியே தரைவிரிப்பைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் முன் கண்ணாடி ரப்பர் வழியாகவோ கேபிள் நுழையும் துளை வழியாகவோ மழைநீர் இறங்குகிறது என்று அர்த்தம். மிதி அச்சில் துருப் பிடிப்பது இப்படித்தான்.

கேபிளா, கார்புரேட்டரா, மிதியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைச் செய்யாமல்தான் பாதிப் பேர் தேவையில்லாத பாகங்களை மாற்றுகிறார்கள். "கார்ப் போயிருச்சு சார், ஓவராயில் பண்ணணும்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வதற்கு முன் இதைச் செய்யச் சொல்லுங்கள், அல்லது நீங்களே செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை.

எஞ்சின் அணைந்து, கைவைக்கும் அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். பானட்டைத் தூக்கி, கேபிளின் முனை வந்து மாட்டும் அரைவட்டத் தகட்டைக் கையால் திருப்புங்கள். கேபிள் தளரும். முனையிலுள்ள நிப்பிளை (சிறு உலோகக் குமிழை) அதன் குழியிலிருந்து பக்கவாட்டில் நழுவவிட்டுக் கழற்றுங்கள். இப்போது இரண்டும் தனித்தனி.

முதலில் அந்தத் தகட்டை முழுசாகத் திறந்து விடுங்கள். "டக்" என்ற சத்தத்தோடு அடித்துக்கொண்டு மூட வேண்டும். மெதுவாக ஊர்ந்து வந்தாலோ நடுவில் நின்றாலோ குற்றவாளி கார்புரேட்டர் பக்கம்: களைத்துப்போன ரிட்டர்ன் ஸ்பிரிங், கொக்கியிலிருந்து கழன்ற ஸ்பிரிங், பட்டர்ஃபிளை (த்ராட்டிலைத் திறந்து மூடும் வட்டத் தட்டு) ஷாஃப்ட்டில் படிந்த பிசின் போன்ற அழுக்கு. ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் தேய்ந்துவிட்டது. அந்த இடுக்கு வழியாகக் காற்று நுழைவதால் ஸ்லோ ஸ்பீடும் (மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) நிலையாக நிற்காது.

தகடு சரியாக அடித்தால் கேபிளுக்கு வாருங்கள். ஒருவர் மிதியை மெதுவாக அழுத்த, நீங்கள் இந்த முனையை விரலால் லேசாக இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல கேபிள் எண்ணெயில் வழுக்குவதுபோல வரும். கெட்ட கேபிளில் கரகரப்பு விரலுக்குத் தெரியும். ஓரிடத்தில் தயங்கி, பிறகு விடும். கரகரப்பு இருக்கிறது ஆனால் கேபிளா மிதியா என்று தெரியவில்லை என்றால், மிதிப் பக்க முனையையும் கழற்றிவிட்டு மிதியை மட்டும் ஆட்டிப் பாருங்கள்.

காலையில் மட்டும் பிடிக்கிறது, கொஞ்ச தூரம் ஓடினால் சரியாகிவிடுகிறது. ஏன்?

ஈரம், துரு, கெட்டியான கிரீஸ். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று கேபிளின் திறந்த முனைகளை வேகமாகத் தின்னும். சர்வீஸ் ஸ்டேஷனில் எஞ்சின் மேல் பிரஷர் வாட்டர் அடித்த மறுநாள் தொடங்கியிருந்தால் யோசிக்கவே வேண்டாம். கேபிளின் வெளிக்குழாயான அவுட்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது.

கையால் இழுக்கும் சோக் (குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் இன்னொன்றும் உண்டு. சோக் இழுத்திருக்கும்போது த்ராட்டிலும் கொஞ்சம் திறந்திருக்கும்படித்தான் அமைப்பே. சோக் கேபிள் முழுசாக உள்ளே போகாமல் பாதியில் நின்றால், ஆக்சிலேட்டர் பிடித்ததுபோலவே எஞ்சின் ரேஸ் ஆகும். பழி ஆக்சிலேட்டர் கேபிளுக்கு விழும்.

எஞ்சின் சூடான பிறகுதான் பிடிக்கிறது என்றால்?

கேபிள் எங்கோ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்) உரசிக்கொண்டு போகிறது. அவுட்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழல் சூட்டில் இளகி உள்கம்பியைக் கவ்வுகிறது. எப்போதோ எஞ்சின் வேலை பார்த்தவர் கேபிளைப் பழைய பாதையில் விடாமல் கிடைத்த வழியில் விட்டிருப்பார். அவுட்டரின் மேல் உறை பளபளவென்று உருகியிருக்கும் இடத்தைத் தேடுங்கள். பாதையை மாற்றினால் மட்டும் போதாது, உருகிய கேபிளையும் மாற்ற வேண்டும்.

மிதித்தால் முதலில் நகர மறுக்கிறது. கொஞ்சம் அழுத்தினால் சட்டென்று பாய்கிறது. இதுவும் கேபிள்தானா?

பெரும்பாலும் இல்லை. திறந்த நிலையில் பிடிப்பது வேறு, மூடிய நிலையில் ஒட்டுவது வேறு. பட்டர்ஃபிளை மூடும்போது அதன் விளிம்பு படுகிற இடத்தில் கருப்பாக ஒரு கார்பன் வளையம் படியும். தட்டு அதில் ஒட்டிக்கொள்ளும். எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் இது சகஜம். த்ராட்டில் பாடியின் வாயைத் திறந்து, தட்டைக் கையால் சாய்த்துப் பிடித்து, கார்ப் கிளீனரில் நனைத்த துணியால் விளிம்பைத் துடைத்தால் போகும். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டாதீர்கள். கீறல் விழுந்தால் அப்புறம் ஸ்லோ ஸ்பீடு உங்கள் சொல் கேட்காது.

கேபிளுக்கு எண்ணெய் விட்டால் போதாதா? எந்த எண்ணெய்?

கேபிளைப் பொறுத்தது. அவுட்டரின் முனையில் உள்கம்பியைச் சுற்றி வெள்ளையாகவோ கருப்பாகவோ பிளாஸ்டிக் குழல் தெரிந்தால், அது எண்ணெய் இல்லாமலே வழுக்குவதற்காகச் செய்தது. அதில் எண்ணெய் விட்டால் நம் ஊர்ப் புழுதியும் சேர்ந்து குழைந்து கருப்பு மாவாகிவிடும். குழல் இல்லாமல் வெறும் இரும்புச் சுருளாக இருந்தால் தையல் மிஷின் எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெய் சில சொட்டு விடலாம். மேல் முனையைத் தூக்கிப் பிடித்து, பேப்பரைப் புனலாகச் சுருட்டி ஊற்றி, கீழ் முனையில் எண்ணெய் சுத்தமாக வெளியே வரும்வரை கம்பியை இழுத்து இழுத்து விடுங்கள். முதலில் வருவது காபி டிகாஷன் நிறத்தில் இருந்தால் உள்ளே துரு.

சிவப்பு மூடி போட்ட டபிள்யூ.டி.-40 ஸ்ப்ரே அழுக்கைக் கரைக்கும், ஈரத்தை விரட்டும். நாலு நாளில் காய்ந்தும் போகும். அதை மட்டும் அடித்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று ஊட்டிக்குக் கிளம்பாதீர்கள். வீல் பேரிங் கிரீஸ் இதற்கு ரொம்பக் கெட்டி.

தேங்காயெண்ணெய் விடுபவர்களும் இருக்கிறார்கள். சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே அது உறைந்துவிடும். மதுரையில் மத்தியானம் நன்றாக ஓடிய வண்டி கொடைக்கானலில் விடிகாலையில் மிதி திரும்பாமல் நிற்க அது ஒன்றே போதும். வேண்டாம்.

கேபிளில் ஓரிரு இழைதான் பிசிறு விட்டிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

கூடாது. உள்கம்பி பல மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தது. அறுந்த இழை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மிதிக்கும்போது கம்பியோடு அவுட்டரிலிருந்து வெளியே வரும். விடும்போது முள்போல அவுட்டரின் வாயில் குத்தி நிற்கும். அதாவது திறக்க விட்டுவிட்டு மூட விடாது. அதன் ஆபத்தே அதுதான். நீட்டியதை நறுக்கிவிட்டால் அடுத்த இழை அறுபடக் காத்திருக்கும். பிசிறு பெரும்பாலும் இரண்டு இடங்களில் வரும்: நிப்பிளுக்குப் பக்கத்தில், அவுட்டரிலிருந்து கம்பி வெளிவரும் வாயில். டார்ச் அடித்து அந்த இரண்டையும் பாருங்கள். சில நூறு ரூபாய் சாமானுக்குப் பேரம் பேச வேண்டிய இடம் இதுவல்ல.

மெக்கானிக் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் மாட்டிக் கொடுத்தார். இப்போது நன்றாக இருக்கிறதே?

நன்றாக இருப்பதுபோல இருக்கிறது. பிடிப்பு எங்கேயோ அங்கேயே இருக்க, அதைவிட பலமாக இழுக்க ஒரு ஆள் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். மிதி கனக்கும், கேபிள் சீக்கிரம் தேயும், ஷாஃப்ட் ஒரு பக்கமாகத் தேயும். பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதே அளவு புதிய ஸ்பிரிங் மாட்டுவது சரியான வேலை. ரப்பர் பேண்ட், சைக்கிள் டியூப் துண்டு, இதெல்லாம் எஞ்சின் சூட்டில் வெந்துபோகும் சமாச்சாரம்.

புதுக் கேபிள் போட்டு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் பிடிக்கிறது. கேபிள் போலியா?

போலியாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன் எர்த் ஒயரைப் பாருங்கள். அதற்கும் ஆக்சிலேட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சம்பந்தம் உண்டு.

எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும்போது ஓடும் பெரிய மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பிப் போக, எஞ்சினிலிருந்து தடிமனான ஒரு எர்த் ஒயர் வேண்டும். அது துருப்பிடித்தோ, தளர்ந்தோ, எஞ்சின் இறக்கி ஏற்றியபோது மாட்டப்படாமலோ இருந்தால் மின்சாரம் வேறு வழி தேடும். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் உலோகம் என்று அங்கே மிச்சம் இருப்பவை ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் போன்றவைதான். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அந்த மெல்லிய கம்பி சூடேறும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழல் உருகிக் கம்பியோடு ஒட்டும்.

கழற்றிய பழைய கேபிளைத் தூக்கிப் போடாமல் அவுட்டரை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். சூட்டில் கம்பி நீலம் பாய்ந்திருந்தாலோ, எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்திலேயே போகாத இடத்தில் குழல் உருகியிருந்தாலோ சந்தேகமில்லை. ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றுவது இன்னொரு அடையாளம். மல்டிமீட்டர் இருந்தால் ஒரு முனையை எஞ்சினின் சுத்தமான உலோகத்திலும் மற்றதைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. ஒயரின் இரு முனைகளையும் கழற்றி, உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள். ஒயரே பச்சை பூத்திருந்தால் புதிது போடுங்கள்.

கிளட்சை விடும்போது தானாகவே ரேஸ் ஏறி வண்டி குதிக்கிறது. கேபிள் சரியாகத்தானே இருக்கிறது?

எஞ்சின் மவுண்டிங்கைப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் இழுவை ஏறும்போது எஞ்சின் சாயும். கேபிளின் ஒரு முனை எஞ்சினில், இன்னொன்று பாடியில். எஞ்சின் சாய்ந்தால் கேபிளை அதுவே இழுத்துக்கொள்ளும். முதல் கியரில் குதித்து ரிவர்சில் குதிக்காவிட்டால் (அல்லது மாறாக நடந்தால்) சந்தேகம் உறுதி.

புதுக் கேபிள் எங்கே, எப்படி வாங்குவது?

பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். "மாருதி கேபிள்" என்று மட்டும் கேட்டால் ஆம்னியுடையதையும் எடுத்து நீட்டுவார்கள். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில், கேபிளும் வேறு. கார்புரேட்டர் வண்டிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்கும் ஒன்றை மற்றதற்கு மாட்ட முயலாதீர்கள். கடை மேசையிலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவுட்டர் நீளம், உள்கம்பி நீளம், இரு நிப்பிள்களின் வடிவம் மூன்றையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது ஸ்பேர் கிடைக்கும். புதுப்பேட்டையில் கழற்றிய சாமான் கிடைக்கும். கதவும் கைப்பிடியும் புதுப்பேட்டையில் வாங்கலாம். ஆக்சிலேட்டர் கேபிளை அங்கே வாங்காதீர்கள். பைக் கிளட்ச் கேபிளை வெட்டி ஸ்க்ரூ நிப்பிள் போட்டு ஒப்பேற்றுவதும் கூடாது. ஸ்க்ரூ ஒருநாள் நழுவும், எந்த நாள் என்று சொல்லிவிட்டு நழுவாது.

நானே மாற்ற முடியுமா?

முடியும். கடினம் என்று சொல்ல இருப்பது டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுப்பது மட்டும்தான்.

கழற்றுவதற்கு முன் கேபிள் போகும் பாதையை மொபைலில் படம் எடுங்கள். கார்புரேட்டர் பக்க நிப்பிளைக் கழற்றி, பிராக்கெட்டில் இருக்கும் இரண்டு லாக் நட்டுகளைத் தளர்த்துங்கள். உள்ளே மிதியின் மேல் முனையில் உள்ள குழியிலிருந்து கம்பியை விடுவியுங்கள். உருவுவதற்கு முன் ஒரு முனையில் நூலைக் கட்டிவிட்டால், அதே வழியில் புதியதை இழுத்துவரச் சுலபம். எஞ்சின் அறைக்கும் காரின் உட்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில் கேபிள் நுழையும் துளையின் ரப்பர் புஷ்ஷைத் திரும்பச் சரியாக உட்காரவையுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் கால் நனையும். கேபிள் எங்கும் சுருக்கென்று மடங்காமல் அகலமாக வளைந்து போக வேண்டும்.

அப்புறம் ஏர் கிளீனர் டப்பா. அதைக் கொஞ்சம் கோணலாக மாட்டினாலே த்ராட்டில் இணைப்பில் முட்டும். எல்லாம் மாட்டி முடித்த பிறகு இன்னொரு முறை மிதித்து, "டக்" சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு டைட் வைக்க வேண்டும்?

மிதியை விட்ட நிலையில் கம்பியை விரலால் அழுத்தினால் சில மில்லிமீட்டர் தொய்வு இருக்க வேண்டும். தொய்வே இல்லாவிட்டால் த்ராட்டில் முழுசாக மூடாது. ஸ்லோ ஸ்பீடு எப்போதும் ஏறியே நிற்கும். தொய்வு கூடிப்போனால் முழுசாக மிதித்தாலும் பட்டர்ஃபிளை முழுசாகத் திறக்காது, ஏற்றத்தில் வண்டி திணறும். ஒருவர் மிதிக்க, ஒருவர் எட்டிப் பார்த்து இரு முனையும் சரியா என்று முடிவு செய்யுங்கள். ஸ்லோ ஸ்பீடை ஏற்ற கேபிளை இழுத்துக் கட்டுபவர்கள் உண்டு. அதற்கு ஸ்க்ரூ தனியாக இருக்கிறது.

கேஸ் கிட் போட்ட வண்டி, ஏசி வண்டி என்றால் வேறு ஏதாவது?

கேஸ் கிட் மாட்டியபோது வந்த தடித்த ஹோஸ்கள் கேபிளை நெருக்குகின்றனவா என்று பாருங்கள். ஏசி உள்ள வண்டியில், ஏசி போடும்போது ஸ்லோ ஸ்பீடைத் தூக்கிவிடும் சிறிய டயஃபிரம் ஒன்று த்ராட்டில் பக்கத்தில் இருக்கும். அதன் தண்டு வெளியே தள்ளியபடி நின்றுவிட்டால் ஏசியை அணைத்தாலும் ரேஸ் குறையாது.

வழியில் கேபிள் அறுந்தே போய்விட்டால் வீடு வந்து சேர வழி உண்டா?

அறுந்தால் மிதி தரையோடு படுத்துவிடும், எஞ்சின் ஸ்லோ ஸ்பீடில் மட்டும் ஓடும். கார்புரேட்டர் வண்டியானால் ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருகி, எஞ்சின் சற்று வேகமாக ஓடும்படி வைத்துக்கொண்டு, முதல் கியரிலோ இரண்டாவதிலோ ஹசார்டு லைட் போட்டு ஓரமாகவே ஊர்ந்து பக்கத்துப் பட்டறை வரை போகலாம். சமதளத்துக்கு மட்டும்தான் இது. மேம்பாலம், மலைப்பாதை, நாற்கரச் சாலை என்றால் கயிறு கட்டி இழுக்கச் சொல்லாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள். கயிறு கட்டிக் கையால் கார்புரேட்டரை இழுத்துக்கொண்டே ஓட்டும் வித்தையும் வேண்டாம். புதுக் கேபிள் போட்டதும் அந்த ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்ப மறந்துவிடாதீர்கள்.